மூலை வெட்டிய ஏழு படங்கள்

தில்லையம்பலம் ஐயா இறந்து இருபத்து நான்கு நாள் கழித்துத்தான் எனக்குச் செய்தி வந்தது. அவருடைய மனைவி யாழ்ப்பாணத்திலிருந்து போட்ட கடிதம் வழியில் எங்கெங்கோ தங்கி, நனைந்து காய்ந்து, போன செவ்வாய்க்கிழமை என் மேசைக்கு வந்து சேர்ந்தது. வாசித்ததும் எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, கோபம். இந்த மனிதர் உயிரோடு இருந்தபோதும் எதையும் நேரத்துக்குச் சொன்னதில்லை. போனதையும் அப்படியே சொல்லியிருக்கிறார்.

கடிதத்தின் கடைசியில் இப்படி இருந்தது: "கடைசிக் கிழமையிலை ரெண்டு மூண்டு தரம் உங்களைப் பற்றிக் கேட்டவர். ஏழாவது ஆள் வந்ததோ எண்டு ஞானத்திட்டைக் கேட்டு எழுது எண்டு சொன்னவர். எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. உங்களுக்கு விளங்கும் எண்டு நினைக்கிறன்."

எனக்கு விளங்கியது. அவரை அறிந்த மற்றவர்களுக்கு விளங்காது. எங்கள் மலைநாட்டு ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு வருடம் எக்ஸ்ரே எடுத்தவர், சிரிக்கவே தெரியாத யாழ்ப்பாணத்தார், கடைசியில் எங்களுக்கு வரவிருந்த புது மெஷினை வேண்டாம் என்று எழுதிக் கெடுத்தவர் என்றுதான் அவரைப் பற்றி இங்கே பேச்சு. அந்தப் பேச்சில் பாதியைப் பரப்பியவள் நான். ஆகவே மீதியையும் நானே சொல்லிவிடுகிறேன்.

எழுபதுகளின் நடுவில் அவர் மாற்றலாகி வந்தபோது நான் பதிவேட்டு அறையில் இருந்தேன். அக்கரப்பத்தனையிலிருந்தும் லிந்துலையிலிருந்தும் தேயிலைத் தோட்டத்து லொறியில் வருகிறவர்கள், தோட்டத்தில் எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டை என் ஜன்னலில் கொடுத்துவிட்டுத்தான் அவருடைய அறைக்குப் போக வேண்டும். உள்ளே அவர் கத்துவது எனக்குக் கேட்கும். "இரும்பு பொய் சொல்லும், எல்லாத்தையும் கழட்டுங்கோ! ஊசி, காப்பு, கொண்டை ஊசி, ஒண்டும் இருக்கப்படாது. மூச்சை உள்ளுக்கு இழுங்கோ. பிடியுங்கோ. ஆ, விடுங்கோ." வெளியே வரும் பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பார்கள். "எக்ஸ்ரே ஐயா பேசுறது பாதி வெளங்கலைங்க மிஸ். மூச்ச பிடிக்கச் சொன்னா பிடிச்சுக்கிறோம், அவ்வளவுதான்" என்று ஒருத்தி சொன்னது நினைவிருக்கிறது. ஒருமுறை சட்டையில் ஒரு ஊக்கை மறந்துவிட்ட கிழவரைத் திரும்பக் கூப்பிட்டு இன்னொரு படம் எடுத்தார். ஃபிலிம் தட்டுப்பாடான காலம் அது. பெரிய டாக்டர் ஏசினார். இவர் அசையவில்லை.

மத்தியான வேளையில் நாங்கள் இருவரும் ஒரே மேசையில் சாப்பிடுவோம். அப்படி ஒரு நாள் என் அண்ணனைப் பற்றிச் சொன்னேன். அண்ணனுக்குத் தோட்டத்தில் பேர் பதிவு இல்லை. வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையாவோடு வாய்த்தகராறு பண்ணியதால் செக்ரோல் என்கிற ஆள்பதிவில் பேர் ஏறவே இல்லை. பேர் இல்லாதவனுக்குத் தோட்டத்து டிஸ்பென்சர் துண்டு எழுத மாட்டார். துண்டு இல்லாவிட்டால் எக்ஸ்ரே இல்லை. லயத்துக் காம்பராவில், தொழிலாளர் வரிசை வீட்டின் ஒற்றை அறையில், ஒரு மழைக்காலம் முழுக்க இருமிக்கொண்டிருந்தான். நெஞ்சில் காசம் என்று கடைசி வாரத்தில்தான் தெரிந்தது. அவனைப் புதைத்த வருடம்தான் நான் வேலைக்குச் சேர்ந்தேன். ஐயா சோற்றைப் பிசைந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லவில்லை. கல்நெஞ்சு என்று அன்றைக்கே முடிவு கட்டினேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து கடிதம் வந்தது. வெளிநாட்டுப் பொறியியலாளர்களோடு சேர்ந்து கம்பியூட்டருக்கு ஒரு புரோகிராம் எழுதுகிறார்களாம். நெஞ்சுப் படத்தைக் கமெராவால் பிடித்து, புள்ளி புள்ளியாக உடைத்து, நோய் நிழல் எங்கே விழுந்திருக்கிறது என்று அது காட்டுமாம். அதற்குப் படம் கொடுத்து ஆராய்ச்சியில் கூட வேலை செய்ய ஐந்து ஆஸ்பத்திரிகளைப் பார்த்து இரண்டைத் தெரிவு செய்யப்போகிறார்கள். தெரிவாகிற ஆஸ்பத்திரிக்குப் புது எக்ஸ்ரே மெஷினும், லயங்களுக்கே போய்ப் படம் எடுக்க ஒரு வண்டியும் உண்டு.

வண்டி! துண்டும் வேண்டாம், லொறியும் வேண்டாம், லயத்து வாசலிலேயே படம். அண்ணனை நினைத்துக்கொண்டு அந்தக் கடிதத்தை எத்தனை தடவை வாசித்தேன் என்று கணக்கே இல்லை. எங்கள் பழைய மெஷினோ வாரத்தில் இரண்டு நாள் வேலை செய்தால் பெரிய காரியம்.

இருநூறு படங்கள் அனுப்ப வேண்டும். நோய் தெளிவாகத் தெரிகிறவை வேண்டும், படத்தில் எந்த இரும்பு நிழலும் இருக்கக்கூடாது என்று நிபந்தனை. ஐயா அப்போது லீவில் ஊருக்குப் போயிருந்தார். வழியில் ஏதோ கலவரம், பஸ் இல்லை, பத்து நாள் லீவு ஒரு மாதமாகிவிட்டது. முடிவு நாள் நெருங்கியது. பெரிய டாக்டர், "மிஸ் ஞானம், நீங்களே பார்த்து அனுப்புங்க" என்றார். நான் அனுப்பினேன்.

ஐயாவின் மேசை லாச்சியை இழுத்தபோது உள்ளே தனியாக ஏழு படங்கள் இருந்தன. ஏழிலும் நிழல் அப்படித் தெளிவு. ஆனால் ஏழிலும் வலப்பக்க மேல் மூலையில் வெள்ளை வெளேரென்று ஒரு ஊக்கு. எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் வந்தன. ஊருக்கெல்லாம் ஊக்கைக் கழட்டச் சொல்லும் மனிதர் விட்ட பிழையைப் பார்! கத்தரிக்கோலை எடுத்து ஏழு மூலையையும் வெட்டி, படங்களை இருநூறோடு சேர்த்து அனுப்பினேன். வெள்ளி எடுக்கக் கொடுப்பதற்காகக் கழிவு ஃபிலிம் சேர்க்கிற தகர டின்னில் அந்தத் துண்டுகளைப் போட்டேன். ஏழு பேருடைய முடிவுக் கடிதமும் தோட்டங்களுக்குப் போகாமல் கிடப்பதைப் பார்த்து, அதையும் நானே தட்டச்சு செய்து அவரவர் பேருக்கு அனுப்பினேன். எல்லாம் சுத்தமாக முடித்தேன் என்று எனக்குப் பெருமை வேறு.

ஐயா வந்த அன்றைக்கு லாச்சியைத் திறந்தார். "ஞானம், இதுக்குள்ளை இருந்த படங்கள் எங்கை?"

சொன்னேன். ஊக்கை வெட்டியதையும் சொன்னேன், பாராட்டை எதிர்பார்த்துக்கொண்டு. அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"கடிதமும் போட்டுட்டீங்களோ?"

"போட்டாச்சு. மூணு வாரமாச்சு. ஏன்?"

"அந்தப் பேருக்கு நோய் இல்லைப் பிள்ளை" என்றார். "பேர் ஒராள், நெஞ்சு வேறை ஆள்."

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பேர் பதியாத நோயாளிகள் பேர் பதிந்த சொந்தக்காரரின் துண்டை வாங்கிக்கொண்டு வருவார்கள். அக்காவின் துண்டில் தங்கை, மருமகளின் துண்டில் மாமியார். இவருக்கு அது தெரியும். படம் எடுக்கும்போது மூலையில் ஒரு ஊக்கை வைத்துவிடுவார். ஊக்கு இருந்தால் முடிவு தோட்டத்துக்குப் போகாது. அந்த ஆளே ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து கேட்கும்போது சொல்லி, கையோடு டாக்டரிடம் கூட்டிப்போவார். இன்னும் வராத ஏழு பேருடைய படங்கள்தான் லாச்சியில் இருந்தவை. எங்கேயும் எழுதி வைக்கவில்லை. எழுதினால் யாராவது பார்ப்பார்கள், துண்டு கொடுத்தவளுக்கு வேலை போகும்.

எனக்கு வந்த ஆத்திரத்தை எப்படிச் சொல்ல? "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே ஐயா! நாங்க ஒரே மேசையில சோறு திங்கிறவங்க. நான் என்ன தோட்டத்துத் தொரைகிட்டயா போய்ச் சொல்லப்போறேன்? இது எங்க சனம் ஐயா!"

"நீங்கள் பதிவேடு எழுதிற ஆள். சொன்னால் நீங்கள் தெரிஞ்சுகொண்டு பொய் எழுதவேண்டி வரும்."

"எழுதியிருப்பேன்! பத்துப் பொய் எழுதியிருப்பேன்!"

"உங்கடை அண்ணன்ரை கதையை எனக்குச் சொன்னது நீங்கள்தானே" என்றார். அந்த மத்தியானத்துக்கு அடுத்த வாரம்தான் முதல் ஊக்கை வைத்தாராம். அவர் மேல் இருந்த கோபம் அதனால் குறையவில்லை, என் மேலும் சேர்ந்துகொண்டது.

ஆறு பேரைக் கண்டுபிடித்தோம். கடிதம் போன பேரை வைத்து, ஞாயிறு ஞாயிறாக இருவரும் மழையில் மலை ஏறினோம். கொட்டகலைப் பக்கம் ஒரு லயத்தில், நோயில்லாத ஒருத்தி என் கடிதத்தை வைத்துக்கொண்டு சாவுக்குத் தயாராக உட்கார்ந்திருந்தாள். அவளுடைய தங்கை பக்கத்து அடுப்படியில் இருமிக்கொண்டு ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். அவளை அன்றைக்கே கூட்டிவந்தோம்.

ஏழாவது படத்தில் இருந்த பேர் மாரியாயி. லிந்துலைப் பக்கம் ஒரு தோட்டம். நாங்கள் போனபோது அந்தக் காம்பராவில் வேறு குடும்பம் இருந்தது. "அவங்க இந்தியாவுக்குப் போயிட்டாங்களேங்க. பாஸ்போட்டு வந்து கெடந்துச்சு. ஆஸ்பத்திரிக் கடிதாசி ஒண்ணு வந்திச்சு, நோயின்னு தெரிஞ்சா கப்பல்ல ஏத்த மாட்டாங்கன்னு பயந்து அடுத்த வாரமே கெளம்பிட்டாங்க" என்றாள் அங்கிருந்த பெண். அந்தக் கடிதாசியைத் தட்டச்சு செய்த விரல்கள் என்னுடையவை. மாரியாயியோடு இருந்த, அவளுடைய துண்டில் எங்களிடம் வந்த மற்றப் பிள்ளையும் போனாளா என்று கேட்டோம். போனதாகச் சிலர் சொன்னார்கள், பாஸ்போட்டில் பேர் இல்லாததால் எங்கோ ஒரு சொந்தக்காரர் வீட்டில் விட்டுவிட்டுப் போனதாகச் சிலர் சொன்னார்கள். பேர்கூட ஆளுக்கொன்று சொன்னார்கள்.

"இருபது வயசு இருக்கும்" என்றார் ஐயா, திரும்பி இறங்கும்போது. "இடது கன்னத்திலை ஒரு தழும்பு. உண்மையான பேர் என்னெண்டு கேட்டனான். சிரிச்சுப்போட்டுப் போட்டாள்."

இதற்கு நடுவில்தான் தெரிவுக் குழு வந்தது. ஒரு பேராசிரியரும் ஒரு வெள்ளைக்காரரும். எங்கள் படங்கள் பிடித்துவிட்டன. தெரிவான இரண்டில் ஒன்று நாங்கள் என்று பேராசிரியர் பெரிய டாக்டரின் கையைக் குலுக்கினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு நிபந்தனையைச் சொன்னார்: ஒவ்வொரு படத்துக்கும் உரிய ஆளைத் தோட்டத்து செக்ரோலோடு சரிபார்க்க ஆட்கள் வருவார்கள். புரோகிராம் சொன்னது சரியா என்று பார்க்கப் பேர் வேண்டுமாம்.

ஐயா ஒரே ஒரு கேள்வி கேட்டார். "பேர் இல்லாமல் படத்தை எடுப்பீங்களோ? இலக்கம் மட்டும் தரலாம்."

"அது ஆராய்ச்சி ஆகாது" என்றார் பேராசிரியர். அவரைக் குறை சொல்லவும் எனக்கு வழியில்லை. அவருக்கு அவர் வேலை.

அவர்கள் போனதும் நான் ஐயாவைப் பிடித்துக்கொண்டேன். "ஆறு பேரு கெடச்சாச்சு. இனிமே ஊக்கு வைக்காதீங்க. வண்டி வந்தா இந்த மலை முழுக்கப் படம் எடுக்கலாம். எத்தன உசுரு பொழைக்கும்? கொஞ்சம் யோசிங்க."

"வண்டி வரும், செக்ரோலும் அதோடை வரும். பேர் இல்லாத ஆள் அந்த வண்டியைக் கண்டால் தேயிலைக்குள்ளை ஒளிக்கும்" என்றார். "அவை எங்களைத் தெரிவு செய்யலாமெண்டால், அவையைத் தெரிவு செய்யிறதோ இல்லையோ எண்டு நாங்களும் பாக்கலாம்தானே?"

மறுநாள் அவரே கடிதம் எழுதினார். "எங்கள் படங்களில் பிழை உண்டு, பிழை முழுவதும் என்னுடையது, எங்களை விட்டுவிடுங்கள்" என்று. ஊக்கைப் பற்றி ஒரு சொல் இல்லை, என் கத்தரிக்கோலைப் பற்றியும் இல்லை. பெரிய டாக்டர் அவரை எல்லார் முன்னாலும் கவனமில்லாதவன் என்று திட்டினார். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். மெஷின் வேறு ஊருக்குப் போயிற்று. எட்டு மாதம் நான் அவரோடு ஒரே மேசையில் சாப்பிடவில்லை.

அவர் செய்தது சரியா? இன்றைக்கும் எனக்குத் தெரியாது, அதுதான் என் எரிச்சல். வண்டி வந்திருந்தால் பிழைத்திருக்கக்கூடிய முகங்களை அதற்குப் பிறகும் என் ஜன்னலில் பார்த்திருக்கிறேன். துண்டு மாற்றி வந்து பிழைத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். இரண்டையும் எந்தத் தராசில் போடுவது? அவரிடம் ஒருமுறை உட்கார்ந்து முழுதாகச் சண்டை போட்டுத் தீர்த்திருக்கலாம். அதற்குள் மாற்றல் வந்தது. ரயிலேற்றப் போனபோது, "ஞாயிற்றுக்கிழமையிலை ஜன்னலைப் பூட்டிப்போடாதேங்கோ" என்று மட்டும் சொன்னார். ஞாயிறு என் லீவு நாள். அதை நினைத்துப் பார்த்தாரா இந்த மனிதர்? இன்றுவரை அந்த நாளில் பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை போய் உட்கார்ந்திருக்கிறேன், வாய்க்குள் அவரைத் திட்டிக்கொண்டே.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த நேரமும், ஒரு ஃபிலிம் துண்டும்தான். தகர டின்னைக் கொட்டித் தேடியபோது ஏழு மூலையும் கிடைத்தன. ஆளைக் கண்டுபிடிக்கக் கண்டுபிடிக்க ஒவ்வொன்றாக எரித்தோம். ஒன்று மட்டும் என் வேதப்புத்தகத்துக்குள் இருக்கிறது. வெளிச்சத்தில் பிடித்தால் ஊக்கு தெரியும்.

அவர் மனைவிக்குப் பதில் எழுதிவிட்டேன்: இல்லை, இன்னும் வரவில்லை. இதை இங்கே அச்சில் போடுவது அவரைப் புகழ்வதற்கு மட்டும் அல்ல. லிந்துலைப் பக்கத்தில் மாரியாயி என்ற பேரில் படம் எடுத்த பிள்ளையே, இடது கன்னத்தில் தழும்பு உள்ளவளே, இதை உனக்கு யாராவது வாசித்துக் காட்டினால், ஞாயிற்றுக்கிழமை வா. பதிவேட்டு அறை ஜன்னலில் ஞானம் என்று கேள். எந்தப் பேரைச் சொன்னாலும் சரி. துண்டு வேண்டாம்.