வெந்த எறா, வெத்தல வாய், ஓவர்டைம்

என் நர்சரிக்குள் வந்தவர் யாரும் வெறுங்கையோடு வெளியே போனதில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதத்தான் நினைத்தேன். ஆனால் பெருமைக்காகத்தான் சொல்கிறேன், வேறு எதற்கு? மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். இன்று திருவேற்காட்டுக்கும் பூந்தமல்லிக்கும் நடுவில் மூன்று ஏக்கரில் செடி வைத்திருக்கிறேன். ரோஜா கேட்டு வந்தவரை மாங்கன்றோடு அனுப்பியிருக்கிறேன். வழி கேட்டு நின்றவரையே ஒரு துளசித் தொட்டியோடு அனுப்பியிருக்கிறேன்.

போன வாரம் ஒரு பெண் வந்தாள். கழுத்தில் கம்பெனி அட்டை தொங்கியது. காலை ஆறு மணிக்கு வேன் ஏறினால் வீடு திரும்ப எட்டாகிவிடுகிறதாம்.

"செம்பருத்தி வெச்சிருக்கேன் தாத்தா. நான் கிளம்பும்போது மொட்டா இருக்கு, வந்து பார்த்தா சுருண்டு கிடக்கு. ராத்திரி வரைக்கும் விரிஞ்சே இருக்கிற செம்பருத்தி ஏதாவது இருக்கா?"

"அந்திமந்தாரை வெச்சுக்கயேம்மா. நீ வர்ற நேரத்துக்குக் கரெக்டா பூத்து நிக்கும்."

"இல்ல தாத்தா, செம்பருத்திலதான் வேணும்."

நான் செடி வரிசைகளைத் திரும்பிப் பார்த்தேன். பின்னால் ஆட்கள் எருக்குழியைக் கிளறிக்கொண்டிருந்தார்கள். மக்கிய சாணி வாசனை குப்பென்று வந்தது. அதற்கு மூக்கைப் பொத்துகிறவர்கள் உண்டு. எனக்கு அந்த வாசனை வந்தால் கூடவே ஆவடி குவார்ட்டர்ஸ் வந்துவிடும். ஒரு சைக்கிள், அதன் இரண்டு பக்கமும் எரு மூட்டை, நடுவில் நான்.

அறுபதுகளின் கடைசி. எனக்கு இருபத்துமூன்று வயதிருக்கும். அயப்பாக்கம் பக்கம் தொழுவங்களில் எரு வாங்கி, ஆவடியில் ராணுவ டாங்கி ஃபாக்டரிக்காரர்களின் குவார்ட்டர்ஸுக்குக் கொண்டுபோய்ப் போடுவேன். அங்கே எல்லா ஜில்லாக்காரர்களும் இருந்தார்கள். எல்லா ஊர்த் தமிழும் ஒரே குழாயடியில் வரிசையில் நிற்கும். நான் "இன்னாக்கா" என்றால் ஒருத்தி சிரிப்பாள், இன்னொருத்தி "ஏனுங்" என்றால் நான் சிரிப்பேன்.

அங்கேதான் டர்னர் ஞானமுத்து இருந்தார். திருநெல்வேலிப் பக்கம் செம்மணல் தேரிக்காட்டு ஊர்க்காரர், ஐம்பதைத் தாண்டியவர். லேத்தில் இரும்பு சீவுகிற வேலை. மயிரிழை பிசகினாலும் செய்த பொருளைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிடுவார் என்பார்கள். செடியிடமும் அப்படித்தான். செம்பருத்தியில் புதுப்புது ஜாதி உண்டாக்குவது அவருக்குப் பைத்தியம். ஞாயிற்றுக்கிழமை வேதக் கோயிலுக்குப் போகிற வெள்ளைச் சட்டையோடேயே உட்கார்ந்து, ஒரு பூவின் மஞ்சள் பொடியைக் கோழி இறகால் தொட்டு, இன்னொரு பூவின் நடுத்தண்டு நுனியில் இருக்கும் ஐந்து புள்ளிகளில் தடவுவார். காய் பிடித்தால் விதை, விதை முளைத்தால் கன்று, கன்று பூக்க ஒன்றரை வருஷம். அப்பன் மஞ்சள், ஆத்தாள் சிவப்பு, பிள்ளை என்ன நிறம் என்பது அன்றைக்குத்தான் தெரியும். தீர்ந்துபோன பல்பசை ட்யூபைப் பிளந்து விரித்து, ஆணியால் நம்பர் கீறி, ஒவ்வொரு கன்றிலும் தொங்கவிடுவார். அந்த லைனில் இருந்த எல்லா வீட்டு ட்யூபும் அவர் வீட்டுக்குத்தான் வரும். நான் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டது அந்தத் தகடுகளில்தான். மூன்றாம் வகுப்பு வாத்தியார் பிரம்பால் செய்ய முடியாததைப் பல்பசை செய்தது.

எருவுக்குப் பதிலாக எனக்கு ஒட்டுச் செடிகள் தருவார். நாட்டுச் செம்பருத்தி அடிக்கட்டையில் அவருடைய குச்சியைச் செருகி, சைக்கிள் ட்யூப் கிழிசலால் கட்டித் தந்த செடிகள். அதை நான் விற்பேன். என் நர்சரிக்கு அஸ்திவாரம் அந்தச் செடிகள்தான். மற்றவர்களிடம் என் உழைப்பு என்று சொல்வேன். உங்களிடம் உண்மையைச் சொல்கிறேன்.

ஞானமுத்துவுக்கு ஒரு கஷ்டம் இருந்தது. விடியும் முன் சைக்கிளை எடுத்தால், ஓவர்டைம் முடிந்து திரும்ப விளக்கு வைக்கிற நேரமாகிவிடும். எல்லையில் சண்டை நடந்த வருஷமெல்லாம் கேட்கவே வேண்டாம். செம்பருத்தியோ காலையில் விரிந்து பொழுது சாயும்போது சுருண்டுவிடும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பூக்க வேண்டும் என்று கன்றுக்குத் தெரியுமா? ஒன்றரை வருஷம் காத்திருந்த கன்று செவ்வாய்க்கிழமை பூக்கும்.

"நான் போவும்போது மொட்டு, வரும்போது சருகு. நான் உண்டாக்குன பூவ நான் எப்பலே பாக்கது?" என்பார்.

அதனால் முதல் பூவைப் பார்க்கிற வேலை எனக்கு வந்தது. காலையில் எரு போட வரும்போது பார்த்து வைத்துக்கொள்வேன். சாயங்காலம் அவர் சைக்கிளை நிறுத்துமுன் கேட்பார்.

"எப்படிலே இருந்துச்சு?"

"சோக்கா இருந்திச்சு அண்ணாத்தே."

"சோக்குன்னா என்ன கலர்லே? கலரச் சொல்லு."

"வேகவெச்ச எறா கீதுல்ல, அந்தக் கலரு. நடுவுல மொளகாத்தூள் தூவுன மாரி."

எங்கள் பக்கத்தில் இறாலை எறா என்போம். அவர் சிரிக்காமல் நோட்டில் எழுதிக்கொண்டார்: வெந்த எறா. அதுவே அந்த ஜாதிக்குப் பேராகிவிட்டது. இப்படி நான் வாய்க்கு வந்ததைச் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். வெளியே வெளுத்து உள்ளே ரத்தச் சிவப்பாக இருந்தது வெத்தல வாய். சாம்பலில் ரோஸ் புள்ளி தெளித்தது யானைக்காது. வெள்ளையில் ஓரம் மட்டும் மெல்லிசாகச் சிவந்தது மாப்ள வேட்டி. தோட்டம் போடுகிறவர்கள் என்னைத் தேடிப் பிடித்து இந்தப் பேர்களைச் சொல்லிக் கேட்க ஆரம்பித்தார்கள். பட்டாபிராமில் ரயில்வே கார்டு ஒருவர் வேலி முழுக்க வெத்தல வாய் வைத்திருந்தார். கொரட்டூரில் பக்கத்துப் பக்கத்து வீட்டு அம்மாக்கள் இரண்டு பேர், யானைக்காது முதலில் யார் வீட்டில் பூத்தது என்பதில் பேச்சு வார்த்தையை நிறுத்திக்கொண்டார்கள். அம்பத்தூரில் எதைக் கொண்டுபோனாலும் வெந்த எறாதான் முதலில் காலியாகும்.

ஞானமுத்துவுக்கு இதிலெல்லாம் சந்தோஷம்தான். ஆனால் அவர் தேடியது வேறு. ஓவர்டைம் முடிந்து வரும்போது விரிந்து நிற்கிற செம்பருத்தி. இரண்டு நாள் தாங்குகிற பூ. நானும் இந்தப் பெண்ணிடம் சொன்ன மாதிரியே அவரிடமும் அந்திமந்தாரை வைக்கச் சொன்னேன்.

"அது தானா பூக்கும்லே. அதுல நான் செய்யதுக்கு என்ன இருக்கு?" என்றார்.

கன்று கன்றாகப் பார்த்துப் பிடுங்கிப் போட்டார். ரிட்டயர் ஆக இன்னும் ஒரு வருஷம் இருக்கும்போது, ஒரு கன்றின் மேல் அவருக்கு நம்பிக்கை விழுந்தது. இலை தடிப்பு, மொட்டும் தடிப்பு.

ஒரு நாள் சாயங்காலம் சொன்னார். "நாளைக்கு விரியும். நீ நேரத்துல வந்து காவல் நில்லு. சரசக்கா கையில மாட்டிரக் கூடாது."

சரசக்கா அடுத்த வீடு. கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். விடிந்தும் விடியாமலும் குளித்து, ஈரத்தலையோடு பூக்கூடையை எடுத்துக்கொண்டு, அந்த லைனில் வேலிக்கு வெளியே நீட்டுகிற எந்தப் பூவையும் விடமாட்டார். கேட்டால், "சாமிக்குத்தானுங்க" என்பார். சாமி பேரைச் சொன்ன பிறகு யார் வாயைத் திறப்பார்கள்? கிறிஸ்தவரான ஞானமுத்துவும் திறக்கமாட்டார்.

மறுநாள் நான் நேரத்தோடுதான் கிளம்பினேன். வழியில் ஒரு டீக்கடை. அங்கே ரெண்டு கிளார்க்குகள் செம்பருத்தியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். யானைக்காதுக்குப் பேர் வைத்தவன் பக்கத்தில் நிற்கிறான் என்பது அவர்களுக்குத் தெரியவில்லை. தெரியப்படுத்த வேண்டாமா? ரெண்டு டீ ஆகிவிட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது கன்றில் காம்பு மட்டும் இருந்தது. சரசக்கா வீட்டில் ஊதுவத்தி வாசனை.

சாயங்காலம் ஞானமுத்து வந்தார். "எப்படிலே இருந்துச்சு?"

பார்க்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். எனக்கு அந்த வார்த்தை வராது. "சும்மா குங்குமப்பூ கலரு அண்ணாத்தே. தகதகன்னு கீது."

"இப்ப எங்க?"

"அது... அஞ்சு மணிக்கே சுருண்டு வுழுந்துடுச்சு."

அவர் சைக்கிளைச் சுவரில் சாய்த்தார். "அப்ப இதுவும் இல்லியா," என்றார். "சரி. ஞாயித்துக்கெழம பிடுங்கிப் போட்டுருதேன். இனி விதை போட்டா பூக்கும்போது நான் இங்க இருக்கமாட்டேன்."

மறுநாள் இருட்டோடு எரு மூட்டையைக் கட்டிக்கொண்டு போய் அவர் வாசலில் நின்றேன். உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் போனேன். சொல்லியிருப்பேனா என்பது எனக்கே தெரியாது. அவர் சைக்கிளில் கால் போடுகிற நேரம், பக்கத்து வீட்டிலிருந்து சரசக்கா ஓடிவந்தார். உள்ளங்கையில் ஒரு பூ.

"அண்ணா, இங்க பாருங். நேத்துக் காலைல உங்க செடீல பறிச்சு அம்மன் படத்துக்கு வெச்சனுங். இன்னிக்குப் பழைய பூவ எடுக்கலாம்னு போனா, வாடவே இல்லீங்! படத்துமேல விரிச்சபடியே இருக்குது!"

பறித்த செம்பருத்திப் பூவுக்குத் தண்ணீர் வேண்டாம். செடியில் எவ்வளவு நேரம் நிற்குமோ, பறித்தாலும் அவ்வளவு நேரம் நிற்கும். ஞானமுத்து அந்தப் பூவை இரண்டு கையாலும் வாங்கி, வாசல் பல்புக்குக் கீழே கொண்டுபோனார். சின்னப் பூதான். பழைய செங்கல் நிறம். ஆனால் ஒரு மடலும் சுருங்கவில்லை. அவர் உண்டாக்கின பூவின் முதல் மலர்ச்சியை அவரே பார்த்தது அன்றைக்குத்தான் முதல் தடவை என்று நினைக்கிறேன். ஃபாக்டரிச் சங்கு ஊதியது. அவர் அசையவில்லை.

சரசக்கா சிரித்தார். "இதுவும் உங்களாட்டவே ஓவர்டைம் பாக்குதுங்."

ஞானமுத்து என் பக்கம் திரும்பினார். "ஏலே எருக்காரா. குங்குமப்பூ கலர்னால்லா சொன்ன?"

நான் எரு மூட்டையை அவிழ்க்கிற மாதிரி குனிந்துகொண்டேன். அவர் நோட்டை எடுத்தார். நோட்டில் அன்று எழுதினார்: ஓவர்டைம். இந்தப் பேரை நான் வைத்ததாகத்தான் இத்தனை வருஷமும் ஊரெல்லாம் சொல்லிவந்தேன். சரசக்கா வைத்தது. இருக்கிற பேர்களிலேயே நல்ல பேரும் அதுதான்.

அதற்குப் பிறகு ரிட்டயர் ஆகும் வரைக்கும், ஓவர்டைம் முடிந்து வருகிறவர் நேராக அந்தச் செடியிடம்தான் போவார். கை கால் கழுவுவதெல்லாம் அப்புறம். குவார்ட்டர்ஸைக் காலி செய்கிற அன்று, மண்ணெண்ணெய் டின்னில் ஓர் ஓவர்டைம் ஒட்டுச் செடியை மடியில் வைத்துக்கொண்டு ரயில் ஏறினார். என்னிடம் அதிலேயே ஐந்து செடி கொடுத்துவிட்டுப் போனார். "பாத்துக்கலே" என்றார்.

நான் அதை விற்றுத் தள்ளிவிடலாம் என்று நினைத்தேன். ஒரு செடி நகரவில்லை. செடி வாங்குகிற வீடுகளில் பாதிப்பேர் பூஜைக்காரர்கள். ஒரு நாளில் வாடுகிற பூ என்றால் சந்தேகமே இல்லை, செடியில் விரிந்திருப்பது இன்றைய பூ. ஓவர்டைமில் அது தெரியாது. சரசக்காவே கையை விரித்துவிட்டார். "அன்னிக்கு அது அதிசயமுங். தெனமும் அதிசயம்னா எப்படீங்? எது இன்னிக்குப் பூ, எது நேத்துப் பூன்னே தெரியலையே, சாமிக்கு எப்படி வெக்கறது?" மற்ற பாதிப்பேர் நிறத்துக்கு வாங்குகிறவர்கள். யானைக்காதுக்குப் பக்கத்தில் பழைய செங்கலை யார் பார்ப்பார்கள்?

அப்போதுதான் திருவேற்காட்டில் முதல் துண்டு நிலம் பிடித்திருந்தேன். வெந்த எறா கேட்டு ஆட்கள் நிற்கிறார்கள், ஒட்டுக் கட்டுவதற்கு அடிக்கட்டை போதவில்லை. ஒரு காலை நேரம். ஓவர்டைம் ஐந்தையும் ஒட்டுக்குக் கீழே அறுத்தேன். அந்தக் கட்டைகளிலேயே வெந்த எறாவைச் செருகிக் கட்டினேன். ஐந்தும் பிடித்துக்கொண்டன. கைராசிக்காரன் என்று என்னையே பாராட்டிக்கொண்டேன்.

அடுத்த வருஷம் அவர் ஊரிலிருந்து தபால் கார்டு வந்தது. எழுத்துக் கூட்டி நானே படித்தேன். தேரி மணலில் அவருடைய செடி பட்டுப்போய்விட்டதாம். ஓவர்டைமில் ரெண்டு ஒட்டு அனுப்பச் சொல்லியிருந்தார். ஆவடிக்கு ஓடினேன். அவர் இருந்த வீட்டில் புதிதாக வந்தவர்கள் தாய்ச்செடி இருந்த இடத்தில் துணி துவைக்கக் கல் போட்டிருந்தார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? இரண்டு வெந்த எறாவைச் சாக்கில் கட்டி ரயில் பார்சலில் அனுப்பினேன். கூடவே ஒரு வார்த்தையும் எழுதவில்லை. பூக்க ஆறு மாதம் ஆகும், அதற்குள் ஏதாவது பொய் கிடைக்கும் என்று நினைத்தேன்.

ஆறு மாதம் கழித்து இரண்டாவது கார்டு வந்தது. அது இன்னும் என்னிடம் இருக்கிறது, மூலை மட்டும் கரையான் தின்றுவிட்டது. அவர் பேசுகிற மாதிரியே எழுதியிருந்தார்.

"செடி பூத்துச்சு. நீ அனுப்பினது வெந்த எறா. போவுது விடு. நான் இப்ப பகல் பூரா வீட்டுலதானலே இருக்கேன். எனக்கு இனி எதுக்கு ஓவர்டைம்?"

இதற்கு நான் பதில் எழுதவில்லை.

இப்போது அந்த லைன் வீடுகள் இல்லை. பட்டாபிராம் ரயில்வே கார்டு வீட்டு வேலி அடுக்குமாடிக்குக் கீழே போய்விட்டது. யானைக்காதை மாவுப்பூச்சி தின்றது. மாப்ள வேட்டி எப்போது போயிற்று என்றே எனக்கு நினைவில்லை. வெந்த எறா மட்டும் என்னிடம் இரண்டு வரிசை நிற்கிறது. வருகிறவர்கள் போனை நீட்டி அதற்கு ஏதோ வெளிநாட்டுப் பேர் சொல்கிறார்கள், நானும் ஆமாம் என்கிறேன்.

அந்தப் பெண்ணுக்கு அதில் ஒரு தொட்டியை எடுத்து நீட்டினேன். "ராத்திரி வரைக்கும் இருக்குமா தாத்தா?" என்று கேட்டாள்.

இருக்கும் என்று சொல்லியிருந்தால் வாங்கியிருப்பாள்.

"இருக்காதும்மா," என்றேன்.

நர்சரி கேட் வரைக்கும் கூடவே போனேன். ரோட்டில் வண்டிகள் குறையக் காத்திருந்து அவள் தாண்டினாள். கையில் ஒன்றுமில்லை.