கலியாணத்துக்கு முன் ஓர் இரத்தப் பரிசோதனை

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த கையோடு எனக்குக் கலியாணம் பேசினார்கள். அப்போது நான் கொட்டாஞ்சேனையில் ஒரு பெண்கள் பாடசாலையில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அம்மா கசநோயில் இறந்துவிட்டதால் வீட்டில் அப்பாவும் நானும்தான். மாப்பிள்ளை வெள்ளவத்தையில் தாயோடு இருந்தார். கொழும்புக் கோட்டையில் கிளாக்கர் உத்தியோகம். சாதகம் பொருந்திய பிறகுதான் அம்மாவின் நோய்ச் சங்கதி அவருடைய தாயின் காதுக்குப் போனது.

அந்த அம்மா சுற்றி வளைக்காமல் நேரிலேயே வந்து சொன்னார்.

"குறை நினைக்காதேங்கோ. பிள்ளையை ஒருக்கா டொக்டரிட்டைக் காட்டிப்போட்டு நாளை வைப்பம்."

அப்பாவின் முகம் கறுத்துவிட்டது. எனக்குக் கோபம் வரவில்லை. கொஞ்சம் சளி, தடிமன் பிடித்தாலும் அம்மாவின் இருமல்தான் எனக்கு நினைவுக்கு வரும். எனக்கும் தெரிந்தாக வேண்டியிருந்தது.

எங்கள் தெருமுனை டொக்டர் என் கையில் இரத்தம் எடுத்து, உறையாமலிருக்க ஒரு மருந்துநீரைக் கலந்து, நீண்ட மெல்லிய கண்ணாடிக் குழாயில் ஏற்றி நிமிர்த்தி வைத்தார். ஒரு மணித்தியாலம் அதன் முன்னால் இருந்தேன். சிவப்பு மெல்ல மெல்லக் கீழே இறங்க, மேலே மஞ்சள் நீர் தெளிந்து நின்றது. எவ்வளவு தூரம் இறங்குகிறது என்பதுதான் கணக்காம்.

"ஐம்பது மில்லிமீட்டருக்குக் கிட்ட. இருபதுக்குள்ளை நிக்கவேணும். இது கூடத்தான்," என்றார் டொக்டர்.

அப்பா எதையும் மறைக்கிறவர் அல்ல. வெள்ளவத்தைக்குப் போய் உள்ளதைச் சொல்லிவிட்டு வந்தார். அங்கே பேச்சு அப்படியே நின்றது. நெஞ்சை எக்ஸ்ரே படம் பிடித்தோம். அதில் ஒரு பழுதும் இல்லை. அதைக் கேட்டும் அந்த அம்மா மசியவில்லை. "படத்தில தெரியாட்டி என்ன, ரத்தம் சொல்லுதே," என்றாராம்.

மாப்பிள்ளை தாயைக் கூட்டிக்கொண்டு டொக்டரிடமே வந்தார். நானும் அப்பாவும் போனோம்.

"அம்மா, இந்தப் பரிசோதனை இன்ன நோயெண்டு வருத்தத்தின்ரை பேரைச் சொல்லாது," என்றார் டொக்டர். "புகை தெரியுது, எங்கை எரியுதெண்டு நாங்கள்தான் தேடவேணும். கசத்திலையும் கூடும், வாதக் காய்ச்சலிலையும் கூடும், ஒரு கட்டி சீழ்ப்பிடிச்சாலும் கூடும்." பிறகு என் பக்கம் திரும்பினார். "பிள்ளை, அந்தக் கன்னம் ஏன் வீங்கியிருக்கு?"

"கடைவாய்ப் பல்லு, டொக்டர். கன நாளாய்க் குத்துது. கராம்பு வைக்கிறனான்."

வாயைத் திறக்கச் சொல்லி வெளிச்சம் அடித்துப் பார்த்தார். பல்லடியில் சீழ் கட்டியிருந்தது. நோவு பழகிப்போனதால் நான் அதை ஒரு நோயாகவே எண்ணியிருக்கவில்லை.

பல்லைப் பிடுங்கினார்கள். சில கிழமைகள் கழித்துத் திரும்ப இரத்தம் எடுத்தபோது பன்னிரண்டு. அந்த அம்மா அன்றைக்கே வந்து, நாள் பார்க்கலாம் என்றார். நான் அறைக்குள்ளிருந்து வெளியே வந்தேன்.

"அவரும் ஒருக்கா எடுக்கட்டும் மாமி. பிறகு நாள் வைப்பம்."

"பிள்ளை, என்ன கதை இது?" என்று அப்பா பதறினார். கூட வந்திருந்த மாப்பிள்ளை சிரித்துவிட்டார். "ஓம், நியாயம்தானே," என்று சட்டைக் கையை மடித்துக்கொண்டே எழும்பினார்.

அவருக்குப் பதினைந்து வந்தது. மாமி பயந்து போனார். "பெட்டையை விடக் கூடவோ?"

"ஆம்பிளையளுக்குக் குறைவாய்த்தான் இருக்கிறது வழமை," என்றார் டொக்டர். "தம்பிக்குத் தடிமன் போலை. அதிலையும் கொஞ்சம் ஏறும். பயப்பிடாதேங்கோ."

மாமி மகனை மேலும் கீழும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "சரி, ஆவணியிலை வைப்பம்," என்றார். அதற்குப் பிறகு யாருடைய இரத்தத்தைப் பற்றியும் அவர் வாய் திறக்கவில்லை.

எனக்குக் கலியாணத்தை விடப் பெரிய ஆறுதல் அந்த எக்ஸ்ரே படம்தான். இத்தனை வருடமாக, படுத்ததும் என் மூச்சை நானே உற்றுக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். கேட்பதை நிறுத்திய பிறகுதான் அது எனக்கே தெரிந்தது.

ஆவணியில் கலியாணம் நடந்தது. வெள்ளவத்தைக்கு வந்த பிறகும் வேலையை விடவில்லை. காலையில் அவரும் நானும் ஒரே ரயிலில் கோட்டைக்குப் போவோம். அங்கிருந்து நான் பஸ் ஏறிக் கொட்டாஞ்சேனைக்குப் போவேன்.