திருஷ்டி பொம்மையின் மீசை

எட்டாவது வரை படித்தவன் மனசைப் பற்றியும் கட்டடத்தின் அழகைப் பற்றியும் எழுத வருவது அதிகப்பிரசங்கித்தனம்தான். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது, அதனால் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் மைசூரில் ஒரு மனநல டாக்டருக்கு வீடு கட்டினோம். மேஸ்திரி என் மனைவியின் அண்ணன். கொள்ளேகாலத்திலிருந்து என்னைக் கூட்டிவந்து வேலை கொடுத்தவர். நாளெல்லாம் திட்டுவார். நான் வாய் திறந்ததில்லை.

வளைவுகளும் நடுமுற்றமுமாக வீடு அழகாக எழும்பிவிட்டது. கண் பட்டுவிடும், திருஷ்டி பொம்மை கட்டு என்றார் மச்சான். சிமெண்ட் சாக்கில் வைக்கோல் அடைத்து, உருட்டுக் கண், தொங்கும் கன்னம், முறுக்கு மீசை என்று கை போன போக்கில் கரியால் வரைந்து முகப்பில் தொங்கவிட்டேன். கீழே இறங்கி நிமிர்ந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. சாக்கிலிருந்து மச்சானே என்னை முறைத்துக்கொண்டிருந்தார்.

ஏணியை மறுபடி சாத்துவதற்குள் டாக்டர் தன் மனைவியோடு வந்துவிட்டார். பின்னாலேயே மச்சானும். டாக்டருக்குப் பொம்மை ரொம்பப் பிடித்துவிட்டது. வீட்டைப் போல மனசுக்கும் நிலவறை உண்டாம். அங்கே பூட்டி வைத்ததெல்லாம் கை வழியாக வெளியே வந்துவிடுமாம். அழகான வீட்டுக்கு ஏன் ஓர் அவலட்சண முகம் தேவைப்படுகிறது என்று, கன்னடம் கலந்த தமிழில், மச்சானுக்கே விளக்கினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"யாரப்பா இது? உன் மனசுல இருக்கிற ஆளுதானே?"

"யாரும் இல்லீங்க சார்."

என் வேலையும் குடும்பமும் அந்தச் சாக்கோடு சேர்ந்து தொங்கிக்கொண்டிருந்தன.

டாக்டரின் மனைவி தலையைச் சாய்த்துப் பார்த்தார். "ஏன் ரீ, மீசைய எடுத்துட்டா நம்ம அத்தே மாதிரியே இல்லவா?" என்று அவரும் கன்னடம் கலந்தே கணவரைக் கேட்டார். அத்தே என்றது டாக்டரின் அம்மாவை. டாக்டர், குழாய் வேலை எப்போது முடியும் என்று கேட்டுவிட்டுக் காரில் ஏறிக்கொண்டார்.

மச்சான் மட்டும் அங்கேயே நின்றார். கன்னத்தைத் தடவிக்கொண்டார்.

"எங்கியோ பாத்த மூஞ்சியா இருக்குது மாப்ள."

நான் மணல் சலிக்கப் போய்விட்டேன்.

மறுநாள் மச்சான் மீசையை மழித்துவிட்டு வேலைக்கு வந்தார். பொம்மையை இறக்கச் சொல்லவில்லை. மாடிப்படிக்குப் பூச்சு போட்டோம்.