ஜூன் முப்பத்தொன்று

அலுவலகத்தில் அவளுக்குச் ‘செக்போஸ்ட்’ என்று பட்டப்பெயர். இணையப் படிவங்களில் மக்கள் அடிக்கும் தேதி சரிதானா என்று பார்க்கும் நிரலை எழுதுவது அவள் வேலை. எழுதி முடித்ததும் உட்கார்ந்து தப்புத் தப்பாக அடித்துப் பார்ப்பாள். பதின்மூன்றாம் மாதம். இன்னும் பிறக்காத ஆளின் பிறந்த தேதி. தேதிக் கட்டத்தில் ‘நேத்து’.

“இப்படியெல்லாம் எவன்டி அடிப்பான்?” என்பாள் பக்கத்து நாற்காலிக்காரி.

“உங்க வீட்டுக்காரர் அடிப்பாரு.”

அக்கா மேசையைத் தட்டிச் சிரிப்பாள். அக்கா என்று கூப்பிடுவாளே தவிர, கூடப் பிறந்தவள் அல்ல. ஆனால் கூடப் பிறந்தவளிடம் சொல்லாததையும் செக்போஸ்ட் அவளிடம் சொல்லியிருக்கிறாள்.

இல்லாத தேதியை அடித்தால் கணினி தானாகவே அதை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிடும். ஜூன் முப்பத்தொன்று சத்தமில்லாமல் ஜூலை ஒன்றாகிவிடும். செக்போஸ்ட் அதை விடமாட்டாள். சிவப்பு எழுத்தில் நிறுத்தி, அடித்தவரையே திருத்த வைப்பாள். “அவங்க மனசுல எந்தத் தேதி இருந்துச்சுன்னு நமக்கு எப்படித் தெரியும்?”

ஒரு மருத்துவமனைக்கு முன்பதிவுப் படிவம் செய்து கொடுத்தார்கள். சிவப்பு எழுத்து தொல்லையாக இருக்கிறதென்று அங்கிருந்து புகார் வந்தபோது, அவள் மகனுக்குக் காய்ச்சல் என்று விடுப்பில் இருந்தாள். அக்கா போனில் கூப்பிட்டாள்.

“உன் பாஸ்வேர்ட சொல்லு. பட்டன் கலர் மட்டும் மாத்தணுமாம். நீ புள்ளையப் பாரு, நான் முடிச்சிடறேன்.”

சொன்னாள்.

அடுத்த மாதம் வெளியூர்க்காரர் ஒருவர், ஸ்கேனுக்காக வெறும் வயிற்றோடு ஜூலை முப்பத்தொன்றாம் தேதி வந்து நின்றார். மாதத்தை மாற்றி ஜூன் முப்பத்தொன்று என்று அடித்திருந்தார். படிவம் அவரை நிறுத்தவில்லை. ஜூலை ஒன்றுக்குப் பதிவாகி, ஆள் வரவில்லை என்று ரத்தும் ஆகியிருந்தது.

தேதிச் சோதனையை நீக்கியது, அவள் விடுப்பில் இருந்த அன்று, செக்போஸ்டின் கணக்கிலிருந்து.

“நான் அன்னிக்கு லீவு சார்.”

“லீவுலயும் வீட்டுல இருந்து வேலை பாக்கறவதானம்மா நீ?” என்றார் மேனேஜர். “சாயங்காலத்துக்குள்ள ஆஸ்பத்திரிக்கு உன் பேர்ல ஒரு மன்னிப்புக் கடிதம் போகணும். இல்லன்னா நாளைக்கு வர வேண்டாம்.”

எதிரே இருந்த அக்கா தன் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

வெளியே தண்ணீர் இயந்திரத்தருகே செக்போஸ்ட் அவளை மறித்தாள். “அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா.”

“சொன்னா என்னைத் தூக்கிடுவாருடி. என் வீட்டுக்காரருக்கு வேலை போனது உனக்குத் தெரியாதா? உன்னை ஒண்ணும் பண்ண மாட்டாரு, நீ கெட்டிக்காரி.” குரலைத் தணித்தாள். “ஒரு மன்னிப்புதானே. நானே எழுதித் தரேன்.”

எழுதியும் கொடுத்தாள். பிழையே இல்லாத கடிதம். ‘என் கவனக்குறைவால்’ என்று ஆரம்பித்தது. செக்போஸ்ட் கடைசிவரை படித்தாள்.

“நல்லா எழுதியிருக்கீங்க. உங்க பேரைப் போட்டு அனுப்பிடுங்க.”

அக்கா சிரிக்கப் பார்த்தாள். செக்போஸ்ட் தன் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

இப்போது வீட்டிலிருந்தே, கிடைத்த வேலையைச் செய்கிறாள். போனில் எப்போதாவது அக்காவிடமிருந்து செய்தி வரும்: ‘இன்னும் கோவமாடி? தம்பி எப்படி இருக்கான்?’ மகனைத்தான் கேட்கிறாள். படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைப்பாள். பதில் எழுதியதில்லை. அந்த எண்ணை அழிக்கவும் இல்லை.