பூஜையில் பொட்டு விழுந்த பலகை

ஒவ்வொரு கலைப்படைப்பிலும் என்னென்ன பொருள்கள் சேர்ந்திருக்கின்றன என்று எழுதித் தருவது என் பொறுப்பாக இருந்தது. அது சம்பளம் வாங்கிச் செய்த வேலை அல்ல. சம்பளத்துக்கு நான் பார்த்த வேலை, தேயிலை ஆலையின் சோதனை அறையில் தூளின் ஈரப்பதம் அளப்பது. ஈப்போவில் தொழில்நுட்பப் படிப்பை முடித்துவிட்டு, எழுபதுகளின் கடைசியில், பிறந்த எஸ்டேட்டுக்கே திரும்பியிருந்தேன். டிரையரிலிருந்து வரும் தூளைத் தராசில் நிறுத்து, சிறிய மின்னடுப்பில் காயவைத்து, மறுபடி நிறுத்து எழுதவேண்டும். எதையும் வரிசைப்படுத்தி எழுதும் புத்தி இந்த வேலையால் வந்ததா, அந்தப் புத்தி இருந்ததால் இந்த வேலைக்கு வந்தேனா என்பது எனக்கே தெரியாது.

படைப்புகளைச் செய்தவர் பக்கத்து ஊரான தானா ராத்தாவில் ஒரு பள்ளியின் ஓவிய ஆசிரியை. எங்கள் தொழிலாளர் லயத்துக்கு அடுத்த லயத்தில் வளர்ந்தவர். கோலாலம்பூரில் ஓவியம் படித்துவிட்டு வந்தவர். எனக்கு அக்கா; ஆலையில் மற்ற எல்லாருக்கும் டீச்சர். ரோலர் அறையில், அதாவது வாடிய இலையை முறுக்கும் பெரிய இயந்திரங்கள் ஓடும் கூடத்தில், பழைய ரோலர் ஒன்றைக் கழற்றிய பிறகு ஒரு மூலை காலியாகக் கிடந்தது. எஸ்டேட்டை நடத்தும் துரை அந்த மூலையை அவருக்குக் கொடுத்திருந்தார். பள்ளி விட்ட பிறகும் சனி ஞாயிறுகளிலும் அங்கேதான் இருப்பார்.

அவர் தூரிகையைத் தொட்டு நான் அதிகம் பார்த்ததில்லை. முதலில் செய்தவை சிறியவை: தேயிலைப் பெட்டியின் பலகைத் துண்டில் ஈயத்தாளைக் கசக்கி ஒட்டி, அதன்மேல் தேயிலைச் சாயத்தைப் பல தடவை ஊற்றிக் காயவைத்தவை. தன் ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்காரக் குடும்பம் ஒன்று அவற்றில் இரண்டை எடுத்துச் சென்றது. பிரிஞ்சாங்கில் ஒரு ஓட்டல்காரர் தன் வாசலுக்கு ஒன்று வாங்கினார். அடுத்து சாக்கில் செய்தார். தையல் தெரியும்படி கிழித்துத் தைத்தவை. வாங்குகிறவர்கள், "இது எதனால் செய்தது?" என்று தவறாமல் கேட்டார்கள். அதனால் ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு சீட்டு ஒட்டவேண்டியிருந்தது.

முதல் சீட்டில் நான் "கலப்பு ஊடகம்" என்று எழுதிக் கொடுத்தேன். எங்கோ படித்த சொல்.

"என்னாடி இது, மருந்து பாட்டில்ல ஒட்டுற மாதிரி இருக்கு?" என்றார் அக்கா. "உள்ள என்ன இருக்கோ அத எழுது. சாக்குன்னா சாக்கு. சாம்பல்னா சாம்பல்."

அன்றிலிருந்து அப்படியே எழுதினேன். எழுதிமுடித்து ஒருமுறை படித்துப் பார்ப்பேன். கிழிந்த சாக்கு, ஈயத்தாள், பாய்லர் சாம்பல், சல்லடைக் கம்பி. எல்லாம் நான் தினமும் மிதித்துக்கொண்டு போகும் பொருள்கள். பிறகு நிமிர்ந்து படைப்பைப் பார்த்தால், இந்த வரிசைக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று எனக்குப் பிடிபடாது. நான்கு பொருள்களைக் கூட்டினால் என்ன விடை வரும் என்று கணக்கிடப் பழகியவள் நான். அங்கே விடை மட்டும் எப்போதும் பெரிதாக இருந்தது.

பிறகு அந்தப் பெரிய பலகை வந்தது. ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும்; அகலம் அதைவிட அதிகம். கழற்றிப்போட்ட ரோலரின் தேய்ந்த பித்தளைப் பட்டைகளை வளைவு வளைவாக அடித்து, இடையில் தேயிலைப் பஞ்சைப் பசையில் குழைத்து நிரப்பியிருந்தார். பஞ்சு என்றால், தூள் பிரிக்கும்போது பறந்து சுவரெல்லாம் படியுமே, அந்தப் பழுப்புத் தூசு. ஒரு மழைக்காலத்தில் தொடங்கி அடுத்த மழைக்காலம் நெருங்கும்வரை அதில் வேலை நடந்தது. ரோலர் பாகங்களால் செய்தது, ரோலர்களோடு வரிசையில் நிற்கிறது என்பதால் ஆலையில் எல்லாரும் அதை "டீச்சரோட மிசின்" என்று சொல்ல ஆரம்பித்தார்கள்.

அந்தப் பலகையை நம்பி ஒரு பெரிய காரியம் இருந்தது. ஈப்போவில் ஒரு சீனப் பல் டாக்டர், கலைப்படைப்புகளைச் சேகரிப்பவர். அக்காவின் சாக்கு வேலைகளில் ஒன்றை ஏற்கெனவே வாங்கியிருந்தார். பெரிய பலகை பிடித்திருந்தால் வாங்கி, ஆண்டு முடிவில் கோலாலம்பூரில் நடக்கும் கண்காட்சிக்குத் தன் பெயரில் அனுப்புவதாகச் சொல்லியிருந்தார். அக்கா தானாக அனுப்பிய படைப்புகளை அந்தக் கண்காட்சிக்காரர்கள் இரண்டு தடவை திருப்பி அனுப்பியிருந்தார்கள். மலைமேல் ஒரு பள்ளியில் படம் சொல்லிக்கொடுக்கும் பெண்ணை யாருக்குத் தெரியும்? பல் டாக்டர் சனிக்கிழமை வருவதாக ஏற்பாடு. வியாழக்கிழமை ஆயுத பூஜை.

ஆயுத பூஜையன்று எங்கள் ஆலையில் ஒரு சக்கரம்கூடச் சுற்றாது. முதல் நாளே எல்லாவற்றையும் கழுவித் துடைத்துவிடுவார்கள். காலையில் ரோலர், டிரையர், சல்லடை, எடைத் தராசு, வாசலில் நிற்கும் லோரி என்று ஒன்று விடாமல் திருநீறு பூசி, சந்தனம் வைத்து, குங்குமம் இடுவார்கள். திரிங்காப்பிலிருந்து வந்த செவ்வந்தி மாலை ஒவ்வொன்றின் கழுத்திலும் தொங்கும். என் மின்னடுப்புக்கும் சின்னத் தராசுக்கும் நானே பொட்டு வைத்தேன். கற்பூரத் தட்டோடு கூட்டம் ரோலர் அறைக்குப் போனபோது நானும் பின்னால் போனேன்.

வரிசையின் கடைசியில் பெரிய பலகை நின்றது. மூடியிருந்த தார்ப்பாயை மடித்து ஓரமாக வைத்திருந்தார்கள். மேலே திருநீற்றுப் பட்டை. தோளில் மாலை. நடுவிலிருந்து சற்று வலப்பக்கம் தள்ளி, பஞ்சின்மேல், கட்டைவிரல் அகலத்துக்குச் சந்தனம், அதன் நடுவே குங்குமம். கற்பூரம் காட்டினார்கள். எல்லாரும் கும்பிட்டார்கள். நானும் கும்பிட்டேன் என்றுதான் நினைக்கிறேன்; கை தானாகக் குவிந்துவிட்டது.

பூஜை என்று பள்ளிக்கு விடுமுறை கிடையாது. அக்கா பள்ளி முடிந்து மாலையில்தான் வந்தார். பலகை முன்னால் பையைத் தோளிலிருந்து இறக்காமல் நின்றார்.

"யாரு வெச்சது?"

எல்லாரும் அண்ணன் என்று கூப்பிடும் ரோலர் அறைத் தலைவர் பொங்கல் இலையோடு முன்னால் வந்தார். "நாந்தான் டீச்சர். எல்லா மிசினுக்கும் வெச்சோம். இத மட்டும் விட்டா கோவிச்சுக்காதா லா?"

அக்கா பொங்கலை வாங்கிக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "எடுக்க முடியுமா?" என்று மட்டும் கேட்டார்.

மிச்சமிருந்த பலகைத் துண்டுகளில் அதேபோல் பஞ்சு ஒட்டி, அதேபோல் பொட்டு வைத்து, சோதனை அறையில் முயன்று பார்த்தேன். உலர்ந்த தூரிகை, ஸ்பிரிட்டில் நனைத்த துணி, ரொட்டித் துண்டு. பித்தளையில் இருந்த திருநீறு போய்விடும். பஞ்சுக்குள் இறங்கிய குங்குமம் போகாது. தேய்த்தால் தேயிலையும் சேர்ந்து வந்து பலகை வெளியே தெரியும்.

"சனிக்கிழமைக்குள்ள?"

"எந்தக் கிழமைக்குள்ளயும் வராதுக்கா."

"அப்ப தொடாத. மாலைய மட்டும் கழட்டு."

சனிக்கிழமை காலை பல் டாக்டர் வந்தார். ஒல்லியான மனிதர். மலைப்பாதை ஒத்துக்கொள்ளாமல் முகம் வெளுத்திருந்தது. ரோலர்கள் ஓடிக்கொண்டிருந்தன, அண்ணனும் இன்னும் இரண்டு மூன்று பேரும் வேலை பார்ப்பதுபோல் அருகிலேயே சுற்றினார்கள். டாக்டர் பலகையின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நடந்தார். பித்தளை வளைவுகளைப் பார்த்தார். தலையசைத்தார். பிறகு பொட்டின் முன்னால் நின்றுவிட்டார்.

"இந்தச் சிவப்பு!" என்றார் மலாயில். "இவ்வளவு பெரிய பழுப்புக்கு நடுவில் இவ்வளவு சிறிய சிவப்பு. இந்த இடத்தில் வைக்க உங்களுக்கு எப்படித் தோன்றியது?"

அக்கா சும்மா இருந்தால் போதும். ஒரு சிரிப்புக்கூட வேண்டாம். பலகை கோலாலம்பூர் போய்விடும்.

"அதை நான் வைக்கவில்லை" என்றார் அக்கா, அவரும் மலாயில். அண்ணனைக் காட்டினார். "இவர் வைத்தது. இங்கே பூஜை நடந்தது."

அங்கே நின்றவர்களுக்கு மலாய் நன்றாகவே புரியும். ஒருவர் வாய்விட்டுச் சிரித்தார். "போச்சு லா! அண்ணன் ஆர்ட்டிஸ்ட் ஆயிட்டாரு. இனிமே ரோலரத் தொடமாட்டாரு."

"சும்மா இருடா" என்றார் அண்ணன். அவருக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது.

டாக்டரும் சிரித்தார். யார் வைத்தாலும் நன்றாக இருக்கிறது, அப்படியே எடுத்துக்கொள்கிறேன், திங்கட்கிழமை லோரி அனுப்பட்டுமா என்றார்.

"மன்னிக்கவேண்டும். இதைக் கொடுப்பதாக இல்லை" என்றார் அக்கா.

பூஜை போட்டதால் விற்கக்கூடாது என்கிறார் என்று எல்லாரும் நினைத்தோம். அண்ணன்தான் முதலில் பதறினார். "டீச்சர், அதெல்லாம் ஒண்ணுமில்ல. போன வருசம் பூஜ போட்ட லோரியத் தொரை கோலா தெர்லா சீன மொதலாளி தாவுக்கேகிட்ட விக்கலியா? சாமி கோவிச்சுக்கிச்சா? நீங்க குடுங்க."

"லோரி வித்தா லோரியாத்தான் ஓடும்ணே" என்றார் சிரித்த அதே ஆள். "இத செவுத்துலல்ல மாட்டப்போறாரு."

"நீ வாய மூடு. காரியத்தக் கெடுக்காத."

அக்கா டாக்டரிடம், காத்திருக்க முடியுமானால் வேறொன்று செய்து தருவதாகச் சொன்னார். கண்காட்சி காத்திருக்காதே என்றார் டாக்டர். கோபமில்லாமல்தான் சொன்னார். போகும்போது இன்னொரு தடவை திரும்பிப் பொட்டைப் பார்த்துவிட்டுப் போனார்.

கார் கீழே இறங்கிய பிறகு அண்ணன் தயங்கித் தயங்கி வந்தார். "என்னாலதான கெட்டுச்சு டீச்சர்?"

"இல்லண்ணே. நீங்க வெச்ச எடம் ரொம்பச் சரி. அதான் எனக்கு வயித்தெரிச்சல்." சொல்லிவிட்டுச் சிரித்தார். பிறகு எங்கள் இருவரிடமும் சொன்னார்: "அவர் இந்த வருசம் பூரா நான் பண்ணினதத் தாண்டி நடந்து போனாரு. நின்னது ஒரே எடத்துல. அந்த எடம் என்னுது இல்ல. அத என் பேர்ல எப்படி அனுப்புவேன்?"

அன்று வீட்டுக்கு நடந்தபோது எனக்குள் இருந்தது வருத்தம் அல்ல. இத்தனை பேர் கொடு கொடு என்று சொன்னபோது, கைக்கு வந்ததை குரல்கூட உயர்த்தாமல் திருப்பி அனுப்ப ஒருவரால் முடியும் என்று நான் அறிந்திருக்கவில்லை. அவர் எந்த அளவுகோலை வைத்துக்கொண்டிருந்தாரோ, அது என் அறையில் இருந்த எதையும்விட நுட்பமாக இருந்தது.

புதியதை அந்த மழைக்காலத்திலேயே தொடங்கினார். இந்தத் தடவை பித்தளை இல்லை. ஈயத்தாளை விரித்து, அதன்மேல் சாக்கு நூலை ஒவ்வொன்றாகப் பிரித்து ஒட்டி, தூளை வகை வகையாகத் தூவினார்: காம்பின் வெளிர் நிறத்திலிருந்து மிக நுண்ணிய கறுப்புத் தூள்வரை. ஒட்டியதைச் சுரண்டினார். மறுபடி தூவினார். எத்தனை தடவை சுரண்டினார் என்று எண்ணுவதை நான் விட்டுவிட்டேன். கவாத்து வெட்டி இலையில்லாமல் நிற்கும் மலைச்சரிவு ஒன்று மெல்ல மெல்ல அதில் வந்தது. ஆனால் செடி என்று எதையும் விரல் வைத்துக் காட்டமுடியாது. ஜன்னலில் பனிமஞ்சு விலகினால் அடியிலிருந்த ஈயத்தாள் நூலிடுக்குகளில் வெளிச்சம் விடும். மூடினால் சரிவு முழுக்க இருண்டுவிடும். முதல் தடவை அப்படி மாறியதைப் பார்த்தபோது, கையில் வைத்திருந்த மாதிரித் தூளைத் தரையில் கொட்டிவிட்டேன்.

அடுத்த ஆயுத பூஜைக்கு அக்கா பள்ளியில் விடுப்பு வாங்கிக்கொண்டு வந்து, புதிய பலகையைத் தார்ப்பாயால் மூடி, அதன் முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார். அண்ணன் சந்தனக் கிண்ணத்தோடு வந்து நின்றார்.

"பயப்படாதீங்க டீச்சர். பாய்க்குத்தான் வெக்கிறேன்."

"பாய்க்கு மட்டும்."

"சத்தியமா."

சில வாரங்கள் கழித்து, அக்கா எழுதிய இரண்டு வரிக் கடிதத்தைப் பார்த்துவிட்டுப் பல் டாக்டர் மறுபடி வந்தார். அக்கா தார்ப்பாயை எடுத்துவிட்டு, "பார்த்துக்கொண்டிருங்கள்" என்று சொல்லி வெளியே போய்விட்டார். பாய்லர் கொட்டகைப் பக்கம் குழாயடியில் கை கழுவிக்கொண்டே நின்றார். கழுவ அந்தக் கையில் ஒன்றுமே இல்லை.

நான் உள்ளே இருந்தேன். டாக்டர் இந்தத் தடவை நடக்கவில்லை. நின்றார். வெளியே மஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். பிறகு, பலகையிலிருந்து கண்ணை எடுக்காமல், அண்ணனிடம் மெதுவாக எதையோ கேட்டார். அண்ணன் ஓடிப்போய் ஒரு காலிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டார். டாக்டர் உட்கார்ந்தார். ரோலர்களை நிறுத்தி ஆள்கள் சாப்பிடப் போனபோதும் எழுந்திருக்கவில்லை.

நான் குழாயடிக்குப் போனேன்.

"என்ன சொன்னாரு?" என்றார் அக்கா, தண்ணீரை நிறுத்தாமல்.

"ஒண்ணும் சொல்லலக்கா. உக்கார எடம் கேட்டாரு."

அக்கா குழாயை மூடினார். ஈரக் கையை முகத்தில் வைத்துக்கொண்டார். பிறகு, "போயி சீட்டு எழுது" என்றார்.