முதுகு காட்டி நின்றவர்கள்

"அக்கா, ஒரு மாதிரி வருது" என்று சொல்லி என் தங்கை என் தோளைப் பிடித்தாள். தூத்துக்குடி பழைய பஸ் நிலையத்தில் வேம்பார் பஸ்ஸை விட்டு அப்போதுதான் இறங்கியிருந்தோம். அந்த விரல்கள் இறுகிக்கொண்டே போனது இன்றைக்கும் என் தோளுக்குத் தெரியும். நான் திரும்புவதற்குள் அவள் தொண்டையிலிருந்து, அவளுடையது என்று சொல்ல முடியாத ஒரு சத்தம் வந்தது. உடம்பு விறைத்து, என்னையும் இழுத்துக்கொண்டு சிமெண்டுத் தரையில் சாய்ந்தாள். கண்கள் மேலே செருகிக்கொண்டன. கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. அவளுடைய நிச்சயதார்த்தத்துக்குச் சேலை எடுக்க அம்மா, மதினியோடு வந்திருந்தோம்.

என் தங்கைக்கு வலிப்பு உண்டு என்பது எங்கள் வீட்டுக்குள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்தச் சொல்லை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அம்மாவுக்கு அது எப்போதும் 'மயக்கம்'தான். மருத்துவரிடம் போவதென்றாலும் ஊர்க்காரர் கண்ணில் படாமல் பாளையங்கோட்டைக்குத்தான் போக வேண்டும். அங்கேயும் அம்மா வரமாட்டாள். மதினியைத்தான் துணைக்கு அனுப்புவாள். மதினி என்றால் என் அண்ணன் மனைவி, கருவாட்டு வியாபாரி. ஏலத்தில் நாற்பது பேர் சத்தத்துக்கு மேலே கேட்கிற குரல் அவளுக்கு. வீட்டிலும் அதே குரல்தான். "கொஞ்சம் மெதுவாப் பேசு, தெரு முழுக்கக் கேக்குது" என்று அம்மா சொல்லாத நாள் கிடையாது. பாளையங்கோட்டையில் மருத்துவரையும் அதே குரலில் கேள்வி கேட்டுக் குடைந்துவிட்டுத்தான் வருவாளாம். வெளியே வரிசையில் இருப்பவர்களுக்கெல்லாம் கேட்கும் என்று தங்கை வந்து என்னிடம் அழுவாள்.

அந்தக் காலைப் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் தங்கை மாத்திரை போட மறந்திருந்தாள். முந்தின இரவு சரியான தூக்கமும் இல்லை. இதெல்லாம் பிறகு யோசித்துத் தெரிந்துகொண்டது. அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம், நான் நிமிர்ந்து பார்த்தபோது எங்களைச் சுற்றி வானமே தெரியாத அளவுக்கு முகங்கள் குனிந்திருந்தன என்பதுதான். ஒருவர் அவள் முழங்கால்களை அமுக்கிப் பிடித்தார். பெரியவர் ஒருவர் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை உருவி, "இரும்பக் குடுங்க, கையில இரும்பக் குடுங்க" என்று அவள் விரல்களைப் பிரித்துக்கொண்டிருந்தார். யாரோ வாயில் தண்ணீர் ஊற்றப் பாட்டிலைத் திறந்தார்கள். ஓர் இளைஞன் இரண்டு கையாலும் போனை உயர்த்திப் பிடித்திருந்தான். அம்மா நடுவில் நின்று, "ஒண்ணுமில்ல, வெயில் மயக்கந்தான், காலையில சாப்பிடல" என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஏன் அப்படிச் சொன்னாள் என்பது எனக்கு மட்டும் புரிந்தது. மாப்பிள்ளையின் சித்தி அதே பஸ்ஸில்தான் வந்திருந்தார். கூட்டத்தின் விளிம்பில், கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார்.

பையை எடுக்கப் பஸ்ஸுக்குள் திரும்பிப் போயிருந்த மதினி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள்.

"இது மயக்கம் இல்ல, வலிப்பு!" அந்தக் குரல் பஸ் நிலையத்தின் மறுகோடி வரை போயிருக்கும். "காலை விடுங்க, எலும்பு ஒடிஞ்சிரும். வாயில ஒண்ணும் ஊத்தாதீங்க, மூச்சு அடைச்சிரும்."

அம்மாவின் முகத்தில் ரத்தமே இல்லை. மதினி அதைப் பார்க்கவில்லை. தரையில் உட்கார்ந்து தங்கையின் தாவணி ஊசியைக் கழற்றிக் கழுத்தைத் தளர்த்தினாள். சாவியோடு நின்ற பெரியவரிடம், "அண்ணாச்சி, சாவி வேண்டாம், உங்க தோள் துண்டத் தாங்க" என்று கேட்டு வாங்கி, மடித்துத் தலைக்கு அடியில் வைத்தாள். அவரும் ஏதோ பெரிய பொறுப்பு வந்துவிட்டதுபோல் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, நெருங்கி வந்தவர்களைத் தள்ளி நிற்கச் சொன்னார். போன் பிடித்திருந்தவனை மதினி திட்டுவாள் என்று நினைத்தேன். "ஏலே தம்பி, போனு கையிலதான இருக்கு? மணியப் பாத்துச் சொல்லு. எத்தனை நிமிசம் இழுக்குன்னு எனக்குத் தெரியணும்" என்றாள். அவன் கை தானாகக் கீழே இறங்கியது.

தங்கையின் பாவாடை நனைந்திருந்தது. மதினி தலையை நிமிர்த்தாள். "பொம்பளைகள்லாம் அங்கன திரும்பி நில்லுங்கம்மா. இவளப் பாக்க வேண்டாம். சேலையை விரிச்சு மறைங்க." கூடையைத் தரையில் வைத்துவிட்டு முதலில் திரும்பி நின்றவர் மாப்பிள்ளையின் சித்திதான். முந்தானையை விரித்துப் பிடித்தார். அவருக்குப் பக்கத்தில் இன்னொருத்தி, அவளுக்குப் பக்கத்தில் காலேஜ் பெண்கள் இருவர், துப்பட்டாக்களோடு. முகங்கள் எல்லாம் மறைந்து முதுகுகள் ஆயின.

ஆனால் இழுப்பு நிற்கவில்லை. "மூணு நிமிசம்" என்றான் பையன். தங்கையின் உதடு நீலமாகிக்கொண்டு வந்தது. "நாலு." மதினியின் நெற்றியில் வேர்வை வழிந்தது. "அஞ்சு ஆச்சுக்கா" என்றபோது அவன் குரல் உடைந்திருந்தது. மதினி கூட்டத்தைப் பொதுவாகப் பார்த்துக் கத்தவில்லை. ஒரே ஒருவரை நோக்கி விரலை நீட்டினாள். "நீலச் சட்டை! ஒங்களத்தான் சொல்லுதேன். நூத்தெட்டுக்குப் போன் போடுங்க. வலிப்பு, அஞ்சு நிமிசம் தாண்டிட்டு, பழைய பஸ் ஸ்டாண்டுன்னு சொல்லுங்க." பிறகு டீக்கடைக்காரரிடம், "அண்ணாச்சி, வாசல்ல நின்னு ஆட்டோவ எல்லாம் ஒதுக்குங்க, வண்டி நேரா உள்ள வரணும்." நீலச் சட்டைக்காரர் போனை எடுத்தார், டீக்கடைக்காரர் வாசலுக்கு ஓடினார்.

அதன் பிறகு நான் பல இடங்களில் இப்படிக் கூட்டம் கூடுவதைப் பார்த்திருக்கிறேன். கூடி நிற்பவர்களைக் கல் நெஞ்சக்காரர்கள் என்று திட்டுவது சுலபம். அந்தப் பெரியவர் சாவி கொடுத்ததும், இன்னொருவர் காலை அமுக்கியதும் உதவ வேண்டும் என்றுதான். கைகள் தவித்துக்கொண்டிருக்கின்றன, என்ன செய்வது என்று தெரியவில்லை. 'யாராவது போன் பண்ணுங்க' என்று மதினி சொல்லியிருந்தால், அந்த யாராவது அடுத்தவர் என்றே ஒவ்வொருவரும் நினைத்திருப்போம். நீலச் சட்டை என்றதும் அவருக்குத் தப்பிக்க வழியில்லாமல் போயிற்று.

ஏழாவது நிமிடத்தில் இழுப்பு தளர்ந்தது. மதினி அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்து வாயோரத்து நுரையைத் துடைத்தாள். ஒரு நீண்ட, கரகரத்த மூச்சு வந்தது. அடுத்த மூச்சு வரும்வரை நாங்கள் யாரும் மூச்சு விடவில்லை. வந்தது. ஆம்புலன்ஸ் நேராக உள்ளே வந்து நின்றது. எத்தனை நிமிடம் என்று அவர்கள் கேட்டதும் பையன் முன்னால் வந்து சொன்னான். வண்டி கிளம்பும்வரை மாப்பிள்ளையின் சித்தி முந்தானையை இறக்கவில்லை.

மறுநாள் சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லியனுப்பினார்கள். அந்தச் சித்தி வழியாகத்தான் விஷயம் போயிருக்கும். அவரை என்னால் வெறுக்கவும் முடியவில்லை, மறக்கவும் முடியவில்லை. அம்மா மதினியோடு பேச்சை நிறுத்திவிட்டாள். "ஊர் நடுவுல எம்பிள்ளையக் கூறு போட்டுட்டா" என்று சுவரைப் பார்த்துச் சொல்வாள். தங்கை மட்டும், ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று என்னிடம் வேறொன்று சொன்னாள். பள்ளிக்கூடத்தில் ஒருமுறை விழுந்து எழுந்தபோது அத்தனை கண்களும் தன் மேல் இருந்ததாம். அந்த வகுப்புக்கு அவள் திரும்பப் போகவே இல்லை. "இந்தத் தடவ முழிச்சப்போ யாரு மூஞ்சியும் தெரியலக்கா. எல்லாம் முதுகு. அழுகை வரல."

பிறகு தூத்துக்குடியிலிருந்து வேறொருவர் பெண் பார்க்க வந்தார். துறைமுகத்தில் வேலை. தங்கை காபித் தட்டை வைத்துவிட்டு உள்ளே போகாமல் அங்கேயே நின்றாள். "எனக்கு வலிப்பு உண்டு. மாத்திரை சாப்பிடுதேன். ஆனாலும் வரலாம்" என்றாள். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். அவர் கையிலிருந்த தம்ளரைக் கீழே வைத்தார். பிறகு, "வந்துச்சுன்னா நான் என்ன செய்யணும்?" என்று கேட்டார்.

அடுக்களை வாசலில் நின்ற மதினி வாயைத் திறந்தாள். அதற்குள் அம்மா பேசிவிட்டாள்.

"மொதல்ல, அமுக்கிப் பிடிக்காதீங்க தம்பி" என்றாள். குரல் நடுங்கியது. ஆனால் தெருவரைக்கும் கேட்டிருக்கும்.