நாலு பேர் ஏறினால்தான் வண்டி

என் மாமா லூயிஸ் ஈப்போவிலிருந்து தெலுக் இந்தானுக்கு டாக்சி ஓட்டினார். அப்போது அந்த ஊருக்குத் தெலுக் ஆன்சன் என்று பெயர். நாலு பேர் ஏறினால்தான் வண்டி கிளம்பும். மூன்று பேர் ஏறிவிட்டால் மாமா கதவில் சாய்ந்துகொண்டு, "தெலுக் ஆன்சன், ஒரு ஆளு, ஒரே ஆளு!" என்று கத்துவார். உள்ளே வியர்த்துப்போய் யாராவது முணுமுணுத்தால், "சபார்லா அண்ணே, பொறுங்க. சீட்டு காலியா போனா வண்டிக்கே வெக்கம்" என்பார். பேச்சின் கடைசியில் மலாய்க்காரர்கள்போல ஒரு "லா" ஒட்டிக்கொள்ளும். இருபத்திரண்டு வருஷம் அப்படித்தான் ஓட்டினார்.

1970ல் அவருடைய அண்ணன் மத்தியாஸ் இந்தியாவுக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. பத்து காஜா பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாளக் கார்டுதான் வைத்திருந்தார். வேலை பெர்மிட் கிடைக்கவில்லை. பினாங்கில் கப்பலேற்றிவிட லூயிஸ் மாமாவே வண்டி ஓட்டிப் போனார். அன்றைக்கும் அண்ணனோடு வேறு மூன்று பேரை ஏற்றிக்கொண்டார். அவர்கள் வழி முழுக்கக் குதிரைப் பந்தயம் பேசினார்களாம். அண்ணனும் தம்பியும் ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மா சொல்லித்தான் எனக்கு இது தெரியும்.

1978ல் மத்தியாஸ் மாமாவுக்கு மதராசில் நெஞ்சு ஆபரேஷன் என்று கடிதம் வந்தது. லூயிஸ் மாமா முதல்முறையாகக் கப்பல் ஏறினார். அப்போது இந்தியாவில் ஊர் சுற்றிக்கொண்டிருந்த நான், நேப்பாளம்வரை போய்விட்டுக் கல்கத்தாவில் ஒரு கன்னியர் மடத்தில் தங்கியிருந்தேன். அம்மாவின் தந்தி கிடைத்து மதராசுக்கு வந்தேன். காலையில் ஆஸ்பத்திரிக்குப் போனபோது பெரிய மாமா, "லூயிஸ் வர்றானா?" என்று மூன்று தடவை கேட்டார். கப்பல் ஒரு நாள் தாமதம். மாமா துறைமுக வாசலுக்கு வந்தபோது மணி நாலரை. ஆபரேஷன் மறுநாள் விடியலில். ஆறு மணிக்குமேல் யாரையும் உள்ளே விடமாட்டார்கள். ஆஸ்பத்திரியோ ஊரின் அந்தக் கோடியில்.

டாக்சியில் மாமா முன்னால் உட்கார்ந்தார், நான் பின்னால். ஓட்டுநரின் பெயரைக் கேட்டார். சீனி. இடத்தைச் சொன்னார். சீனி சாவியைத் திருகப் போனதும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இருங்க. இன்னும் ரெண்டு ஆளு வரணும்."

"உங்க ஆளுங்களா சார்?"

"யாராச்சும் வருவாங்கலா."

சீனி என்னைத் திரும்பிப் பார்த்தார். "இது பஸ்ஸு இல்ல சார்."

"நானும் டாக்சிதான் ஓட்டுறேன், தெரியும்." மாமா இறங்கிக் கதவில் சாய்ந்தார். "ஆஸ்பத்திரி! ரெண்டு ஆளு, ரெண்டே ஆளு!"

"என் வண்டிக்கு நீ கிளீனரா நைனா?" என்று சீனி சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தூக்குச்சட்டியோடு ஒரு பெண் ஏறினார். பிறகு குடையோடு ஒருவர். கொஞ்ச தூரம் போனதும் குடைக்காரர், "இந்தச் சந்துல ஒரு நிமிஷம், பார்சல் எடுத்துட்டு வந்துடறேன்" என்று குடையை சீட்டிலேயே வைத்துவிட்டு இறங்கிப் போனார். வரவில்லை. ஐந்தே கால். நிற்கிற வண்டியில் என்னால் உட்கார முடியாது. இரண்டு தடவை இறங்கி ஏறினேன்.

"மாமா, போலாம்."

"ஏத்துன ஆள விட்டுட்டா?" மாமா முன்சீட்டில் இருந்தபடியே கைக்குட்டையால் சீனியின் வண்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே துடைத்த இடத்தையே.

"பெரிய மாமா உங்களத்தான் கேட்டாரு. பினாங்குக்கும் இப்படித்தானே ஆளேத்திக்கிட்டுப் போனீங்க?"

சொன்ன பிறகுதான் எவ்வளவு கடுமையாகச் சொல்லிவிட்டேன் என்று தெரிந்தது. மாமா துடைப்பதை நிறுத்தினார்.

"தனியா போயிருந்தா என்னா பேசுறது? போவாதண்ணேன்னு சொல்றதா? சொன்னா மட்டும் இருக்க வுட்டுருவாங்களா?" கைக்குட்டையை மடித்துக்கொண்டே, "இப்பவும் என்னா பேசுறதுன்னு தெரியலலா, பெட்ரீசியா" என்றார்.

தூக்குச்சட்டிப் பெண் முன்னால் குனிந்தார். "மொதல்ல போய் நில்லுங்கய்யா. படுத்திருக்கிறவங்க பேசிக்குவாங்க. என் வூட்டுக்காரரு கஞ்சிக்குக் காத்துக்கினு கீறாரு."

மாமா இறங்கினார். குடையை எடுத்துப்போய்ச் சந்து முனையில் இருந்த டீக்கடைக்காரரிடம் கொடுத்தார். திரும்பி வந்து, "போலாம் சீனி" என்றார். அதற்குமேல் சீனி ஓட்டியதை ஓட்டம் என்று சொல்லக் கூடாது. மாமாவே இரண்டு தடவை சிலுவை போட்டுக்கொண்டார்.

ஐந்தே முக்காலுக்கு வார்டு வாசல். "நீ வெளிய இரும்மா" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு தனியாக உள்ளே போனார். நான் தாழ்வாரத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். மணி அடித்தது. எல்லாரும் வெளியே வந்தார்கள். கடைசியில் காவலாளி முதுகில் கை வைத்துத் தள்ளிக்கொண்டு வர, மாமா வந்தார்.

"என்ன மாமா பேசுனீங்க?"

"நான் எங்க பேசுனேன்? அவருதான். எழுபதுல ஒரு வார்த்த பேசலன்னு திட்டுனாரு. மணியடிக்கிற வரைக்கும் திட்டு." முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். "இன்னும் முடியலயாம். மிச்சத்த ஆபரேஷன் முடிஞ்சு திட்டுறேன்னாரு. இருந்து வாங்கிட்டுத்தான் ஊருக்கு வருவேன்."